பெருக்கல் குறி போட்ட வீடு

அந்த வீட்டின் முன்சுவரில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறி அவள் கையால் போட்டது. போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. இப்போது அந்தக் குறிக்குப் பின்னால் வீடு எரிந்துகொண்டிருந்தது. குறி இருந்த ஒரே காரணத்தால் தீயணைப்பு வீரர்கள் ஒருவரும் உள்ளே போகாமல் தெருவில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதுதான் விதி. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தேடிப் போய்ப் பார்த்து, சுவரில் குறி போடுவது அவள் வேலை. வெறும் சதுரம் என்றால் தீப்பிடிக்கும்போது உள்ளே போகலாம். சதுரத்துக்குள் ஒரு கோடு என்றால் பார்த்துப் போக வேண்டும். பெருக்கல் குறி என்றால் வாசற்படியில்கூடக் கால் வைக்கக் கூடாது. ஆளில்லாத வீட்டுக்காக ஓர் ஆள் சாக வேண்டாம் என்று வைத்த கணக்கு அது. இரண்டு வருடத்துக்கு முன்பு இப்படியொரு காலி வீட்டில் மாடித்தளம் உள்வாங்கி, அவள் கீழே விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட பிறகு வந்த விதி. அன்றோடு அவளுக்கு வண்டியில் ஏறும் வேலை போயிற்று. கையில் ஓர் இரும்புக் கம்பியும் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் வந்தன. நிலையத்தில் ‘பெருக்கல் அக்கா’ என்று பெயரும் விழுந்தது. அதே நிலையத்தில் வேலை பார்க்கும் அவளுடைய சொந்தத் தம்பியே அப்படித்தான் கூப்பிட்டான்.

இரண்டு தெரு தள்ளி வேறொரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வாக்கி டாக்கியில் முகவரியைக் கேட்டதும் காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். காலை பதினொன்றரை மணி. எதிர்வரிசை சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே நின்றார். பாதித் தலை வெட்டிய வாடிக்கையாளர் ஒருவர் கழுத்துத் துண்டோடு அவர் பக்கத்தில்.

“மீதிப் பாதியை எப்ப வெட்டறதா உத்தேசம்?” என்றார் அவர்.

“அங்க வீடே எரியுது, உனக்கு மயிர் கவலை. சும்மா நில்லுய்யா.” சலூன்காரர் அவளிடம் திரும்பினார். “பின்பக்கம் எவனோ ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கறான்மா. ரெண்டு நாளா நாத்தம். அதுலதான் பத்தியிருக்கும்.”

“வீட்டுக்குள்ள யாரையாவது பாத்திருக்கீங்களா?”

“பூட்டின வீட்டுல யாரு இருப்பா? நான் கடை போட்டு ஒன்பது வருஷம். ஒரு பேய்கூட அங்க குடிவரல. பூட்டு அப்படியே தொங்குது பாருங்க.”

அவள் பார்த்தாள். தண்ணீர் வழியும் முன்கதவில் பழைய பெரிய பூட்டு தொங்கியது. அன்றும் இதைத்தான் பார்த்தாள். அன்று பட்டியலில் பதினொரு வீடு. வீட்டின் பின்பக்கம் போய் மாடி உத்தரத்தைக் கம்பியால் குத்தினாள். கம்பி நாலு விரல்கடை உள்ளே இறங்கியது. போதும் என்று பெருக்கல் குறி போட்டாள். முன்கதவில் பூட்டு இருந்ததால் படிவத்தில் ‘ஆள் இல்லை’ என்று எழுதினாள். வெளியே பூட்டியிருந்தால் உள்ளே ஆளில்லை. இதற்கு மேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்தாள்.

இப்போது ஏதோ உறுத்தியது. போனை எடுத்து அன்று பிடித்த படத்தைத் தேடினாள். பூட்டைப் பெரிதாக்கினாள். உடம்பெல்லாம் துரு. சாவித்துளையைச் சுற்றி ஒரு நாணயத்தின் அளவுக்கு மட்டும் பளபளப்பு.

ஒன்பது வருடம் திறக்காத பூட்டுக்கு அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? தினமும் சாவி உரசினால்தான் வரும். அன்றும் இது அவள் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதோடு சரி.

வண்டிப் பக்கம் ஓடினாள். குழுத்தலைவர் பம்பின் முள்ளைப் பார்த்தபடி நின்றார். எங்கே போனாலும் முதலில் “தொட்டியில எவ்வளவு இருக்கு?” என்றுதான் கேட்பார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்குத் ‘தொட்டி’ என்று பெயர்.

“ஐயா, உள்ள ஆள் இருக்கலாம்.”

அவர் திரும்பவில்லை. “குறி போட்டது யாரு?”

“நான்தான்.”

“ஆள் இல்லைன்னு எழுதினது?”

“அதுவும் நான்தான். தப்பா எழுதிட்டேன்.”

“வெளியில பூட்டியிருக்கு. உள்ள எப்படிம்மா ஆள் இருக்கும்? சாவித்துளை வழியா போனானா?”

“ஒருத்தர் உள்ள இருக்காங்க, இன்னொருத்தர் பூட்டிட்டுப் போறாங்க. தெருவுல பாக்கறவங்களுக்கு காலி வீடாத் தெரியணும்ல? தெரிஞ்சா விரட்டிடுவாங்களே.” போனை நீட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்தார். அவளுடைய முழங்காலையும் ஒரு தடவை பார்த்தார். “இருக்கலாம்னு நீ சொல்றதுக்காக ஒருத்தனை உள்ள விட முடியாது. அந்தத் தளம் தாங்காதுன்னு சொன்னதும் நீதான்.”

உள்ளே போவதென்றால் யார் போவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். குழுவில் எடை குறைந்தவன் அவள் தம்பி. குழாயைத் தோளில் அணைத்தபடி முன்வரிசையில் நின்றிருந்தான். வீட்டில் அவனுக்கு எட்டு மாதக் குழந்தை.

“தண்ணியை நிறுத்துங்க. பம்பையும் நிறுத்துங்க. காது குடுத்துக் கேட்போம்.”

“எரியற வீட்டுல தண்ணியை நிறுத்தறதா? மூளை கலங்கிடுச்சா உனக்கு?”

“இருபது எண்ணுங்க. அதுக்குள்ள ஒண்ணும் கேக்கலைன்னா நான் வாயே திறக்கல.”

அவர் பல்லைக் கடித்தார். பிறகு கையை உயர்த்தினார்.

பம்பின் இரைச்சல் அடங்கியதும் தெரு திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. தொட்டி சத்தமாக எண்ணினார். ஐந்து எண்ணுவதற்குள் பின்மாடியில் அடங்கியிருந்த தீ மறுபடி தலையெடுத்தது. எட்டில் ஓடு ஒன்று வெடித்தது. சலூன்காரர் ஏதோ சொல்ல வாயெடுக்க, பாதித் தலை வாடிக்கையாளர் அவர் வாயைப் பொத்தினார். பதினொன்று. பன்னிரண்டு. தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். கேட்க வேண்டும் என்று ஒரு மனம், கேட்கவே கூடாது என்று ஒரு மனம். அந்த இரண்டாவது மனத்தை நினைத்து அவளுக்கே கூசியது.

பதினாறில் கேட்டது. டங். டங். டங். இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். முன்மாடி ஜன்னல், பலகை அடித்த ஜன்னல்.

“பம்பைப் போடு!” என்று கத்தினார் தொட்டி. “ஏணி! கம்பி வெட்டற மெஷின்!”

தம்பி மூச்சுக்கருவியை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் அவன் பட்டையைப் பிடித்து இழுத்து இறுக்கினாள்.

“கேளுடா. பின்பக்க உத்தரம் அப்பளம். முன்பக்கம் எப்படின்னு எனக்குத் தெரியாது, நான் பாக்கல. நடு அறையில கால் வைக்காத. சுவரை ஒட்டியே போ. உத்தரத்தோட முனை சுவருக்குள்ள இருக்கும், அங்கதான் கொஞ்சமாவது பலம். முதல்ல தட்டு, அப்புறம் கால் வை.”

“பெருக்கல் குறிக்குள்ள போகாதேன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்திட்டு, தம்பியை மட்டும் அனுப்பற.”

“வாயை மூடிட்டுப் போ.” தன் இரும்புக் கம்பியை அவன் கையில் திணித்தாள்.

ஏணி ஏறினான். பலகை பெயர்ந்து விழுந்தது. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாக அறுபட்டது. நாலு கம்பி, நாலு யுகம். கரும்புகை வெளியே சரிய, அவன் அதற்குள் தலையைக் கொடுத்து மறைந்தான்.

கம்பி தட்டும் சத்தம் மட்டும் வந்தது. தட்டு, நிறுத்தம். தட்டு, நிறுத்தம். தாயின் விரலை விட்ட குழந்தை நடப்பதை எண்ணுவது போல அவள் எண்ணினாள். ஒன்பதாவது தட்டுக்குப் பிறகு வீட்டின் வயிற்றுக்குள் எதுவோ மொத்தமாகச் சரிந்தது. தீப்பொறி கூரைக்கு மேல் கொட்டியது.

“பின்தளம் போச்சு!” என்றார் யாரோ.

அவள் ஏணியின் அடிக்கம்பைப் பிடித்தாள். பிடித்திருப்பது ஏணிக்காகவா தனக்காகவா என்று தெரியவில்லை. தட்டும் சத்தம் நின்றுவிட்டது. தொட்டி வாக்கி டாக்கியில் தம்பியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

ஜன்னலில் முதலில் தெரிந்தது ஒரு கால். மாவுக்கட்டுப் போட்ட கால், புகையில் சாம்பல் பூத்து. பின்னாலேயே தம்பியின் தொப்பி.

“பிடிங்கய்யா, கனமா இருக்காரு!”

கீழே கிடத்தியதும் அந்த மனிதர் இருமி இருமிக் கருப்பாகத் துப்பினார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். இரண்டு மாதமாக அந்த முன்மாடி அறைதான் வீடு. வலது கையில் இன்னும் ஓர் எவர்சில்வர் டம்ளரை விடாமல் பிடித்திருந்தார். அவள் குனிந்து அவர் வாயருகில் காதை வைத்தாள்.

“பூட்டினது என் வீட்டுக்காரி,” என்றார். “எதிர்க் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போகும்போது பூட்டுவா, இருட்டினப்புறம்தான் வந்து திறப்பா. நான்தான் பூட்டச் சொன்னேன். அவ மேல கேஸ் எழுதிடாதீங்கம்மா.”

“எழுத மாட்டாங்க.”

“நீங்க மொதல்ல வந்தப்பவே பாத்தேன். பலகைச் சந்து வழியா. பெயின்ட் டப்பாவோட.” மூச்சு வாங்கினார். “கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டா காலி பண்ணச் சொல்லுவீங்களேன்னு…”

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

தம்பி வண்டிப் படியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். “அக்கா, உன் கம்பி உள்ளேயே விழுந்துடுச்சு.” பெருக்கல் அக்கா என்று சொல்லவில்லை. அவன் ஈரத்தலையில் அவள் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். கையை எடுக்க மனம் வராமல் அப்படியே வைத்திருந்தாள்.

தொட்டி படிவத்தோடு வந்தார். “ஆள் இல்லைன்னு எழுதினதுக்கு மேலிடத்துல கேப்பாங்க. என்னன்னு சொல்லப் போற?”

“பூட்டைப் பாத்தேன், கதவைத் தட்டலைன்னு.”

“வேலை போகலாம்.”

“போகட்டும். அதுக்குள்ள முடிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு.”

பட்டியலை எடுத்தாள். பெருக்கல் குறி போட்ட வீடுகள் மொத்தம் எழுபத்துநாலு. அடுத்தது இதே தெருக்கோடியில். நொண்டியபடி நடந்தாள். யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வரும் ஆள் போலத் தம்பியும் ஈர பூட்ஸ் சளசளக்கப் பின்னால் வந்தான்.

அந்த வீட்டிலும் பூட்டு தொங்கியது. அவள் முழங்கால் வலியோடு குனிந்து சாவித்துளையைப் பார்த்தாள். விரலை வைத்துத் தடவினாள். துரு ஒட்டவில்லை. வழவழவென்று இருந்தது.

கதவைத் தட்டினாள்.

“உள்ள இருக்கறவங்களுக்குத்தான் சொல்றேன். காலி பண்ணச் சொல்ல வரல. எத்தனை பேரு, எந்த ரூம்ல படுக்கறீங்க, அது மட்டும் சொல்லுங்க.”

அவள் மறுபடி தட்டக் கையை ஓங்கியபோது, கதவுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

“மூணு பேரு.”