ரகுபதி நடக்காத நடை

ரகுபதியை நல்லவன் என்று சொல்லத் திருவொற்றியூர் குப்பத்தில் ஆள் உண்டு. சோம்பேறி என்று சொல்லவும் ஆள் உண்டு. எதிர் வீட்டில் குடியிருக்கும் எனக்கு இரண்டு கட்சியும் சொல்வது உண்மை என்று தெரியும். எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது. கடலில் லாஞ்சு என்கிற விசைப்படகை ஓட்டும்போது அவனைப் போல ஒரு டிரைவர் கிடையாது. வலை கிழியாமல், டீசல் வீணாகாமல், கூட வந்த ஆட்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பான். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடை வந்து, லாஞ்சுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிப் போடப்பட்டால், அதே ஆள் டில்லிபாபுவின் கேரம் கிளப்பில் போய் உட்காருவான். ஜூன் நடுவில் தடை முடிகிறவரை எழுந்திருக்க மாட்டான். உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். மலை கரைந்ததோ இல்லையோ, ரகுபதியின் தொப்பை கரையவில்லை. அவனுக்குச் சர்க்கரை வேறு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதை விழுங்கப் பாயசம் குடிக்கிற ஜாதி.

இந்தத் தடைக்காலத்தில்தான் அந்த ஆராய்ச்சி வந்தது. கடலுக்குப் போகாத இரண்டு மாதத்தில் மீனவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு அசைகிறார்கள், உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க, ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் நவ்ரீன் வந்து சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டார். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க மகிமாவை வேலைக்கு வைத்துக்கொண்டார். காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆசீர்வாதத்தின் மகள் மகிமா. கடையில் வளர்ந்த பெண் அல்லவா, கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் நகர மாட்டாள்.

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க அண்ணா?" என்று அவள் ரகுபதியைக் கேட்டாள். பதில் அவன் மனைவி குணசுந்தரியிடமிருந்து வந்தது.

"காலைல இட்லி. எத்தினின்னு கேக்காத, கண்ணு பட்டுரும். மத்தியானம் சோறு, மீன் கொயம்பு, மறுபடியும் சோறு. சாயங்காலம் கிளப்புக்கே பஜ்ஜி வந்துருது. ராத்திரி புரோட்டா. எய்திக்க கண்ணு."

"நடக்கிறது, எக்சர்சைஸ் எதுவும்...?"

"நடக்கும், நடக்கும். இங்கிருந்து கேரம் போர்டு வரிக்கும் நடக்கும்."

மகிமா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் மணிக்கட்டில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டையைக் கட்டினாள். பார்க்க வாட்ச் மாதிரி இருக்கும், மணி காட்டாது. நடப்பது, நிற்பது, தூங்குவது எல்லாம் அதற்குள் பதிவாகும். முகாமுக்கு வரும்போது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். அதுவரை கழற்றக் கூடாது.

மறுநாளே கழற்றிவிட்டான். ஸ்ட்ரைக்கர் அடிக்கிற கையில் அது இருந்தால் குறி தப்புகிறதாம். இடது கையில் கட்டிக்கொள்ளேன் என்றேன். அந்தக் கையால்தான் போர்டுக்குப் பவுடர் போடுகிறானாம். சோம்பேறிக்குச் சாக்கு சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

பட்டை டிவி மேல் கிடந்தது. குணசுந்தரி மீன் விற்கிறவள். தடைக்காலத்திலும் சின்ன ஃபைபர் படகுகள் போய்வரும், வெளியூரிலிருந்து ஐஸ் மீனும் வரும். அதனால் அவளுக்கு ஓய்வு கிடையாது. இருட்டோடு காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, காலடிப்பேட்டைத் தெருக்களில் விற்று முடித்துத்தான் திரும்புவாள். ஒருநாள் கிளம்பும்போது அந்தப் பட்டையைப் பார்த்தாள். எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

இதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. குப்பத்தில் எல்லாமே குடும்பக் கணக்கு. திருவிழா வரி குடும்பத்துக்கு இவ்வளவு, தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு. சங்கக் கூட்டத்தில் புருஷன் இல்லாவிட்டால் தம்பி கை தூக்கலாம். வீட்டிலிருந்து ஒரு கை வந்தால் போதும். "அவங்களுக்கு இந்த வூட்டு நட வேணும். அது நடக்கல, நான் நடக்குறேன். பாவம், மகிமா பொண்ணுக்கு கெட்ட பேரு வரக்கூடாதுல்ல" என்று என்னிடமே சொன்னாள். முகாம் நாளன்று மறக்காமல் பட்டையை அவன் கையில் கட்டி அனுப்பிவைத்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

டாக்டர் நவ்ரீன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ரகுபதியைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இந்தக் குப்பத்துலயே அதிகமா நடக்கிறது நீங்கதான் ரகுபதி."

ரகுபதி வெட்கமே இல்லாமல் அடக்கமாகத் தலை குனிந்தான். பிறகு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"இவ்வளவு நடந்தும் இறங்கலைன்னா இந்த மாத்திரை உங்களுக்குப் பத்தலைன்னு அர்த்தம். கூட்டித் தர்றேன். அப்பவும் இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர்.

ஊசி என்ற சொல் அன்று சாயங்காலத்துக்குள் லாஞ்சு ஓனர் அலெக்ஸாண்டர் காதுக்குப் போய்விட்டது. அலெக்ஸாண்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். முன்பு வேறொருவர் லாஞ்சில் டிரைவர் மயங்கி விழுந்து, அது கரையோரப் பாறையில் மோதியதைக் கண்ணால் பார்த்தவர்.

"நைனா, தப்பா எடுத்துக்காத" என்று வீட்டு வாசலில் நின்று சொன்னார். "ஊசி போட்டுக்கினு, எப்ப மயக்கம் வரும்னு தெரியாத ஆளு கையில லாஞ்ச எப்டி குடுப்பேன்? உன்ன நம்பி அத்தினி பேரு வரான். கடலுக்கு போலாம்னு டாக்டரம்மா எய்திக் குடுக்கட்டும், லாஞ்சு உன்னுது. இல்லாங்காட்டி வேற டிரைவர பாக்கணும்."

ரகுபதி ஆடிப்போனான். கடல் இல்லாவிட்டால் அவன் யார்? கேரம் ஆடுகிற ஒரு தொப்பை. அது அவனுக்கே தெரியும். கூட்டிக் கொடுத்த மாத்திரையும் அவனைப் பாடாய்ப் படுத்தியது. சாப்பாடு தள்ளிப்போன ஒருநாள் சர்க்கரை தடாலென்று இறங்கி, போர்டு முன்னால் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே சரிந்துவிட்டான். டில்லிபாபு அவன் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு எழுப்பினான்.

இதையெல்லாம் பார்த்துக் குணசுந்தரி என்ன செய்தாள் தெரியுமா? இன்னும் அதிகமாக நடந்தாள். டாக்டரம்மாவுக்கு இந்த நடை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வழக்கமான தெருக்களோடு புதிதாக நாலு தெரு சேர்த்துக்கொண்டாள். கால் வீங்கி வருவாள். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "நடந்தா எறங்கிடும்ல?" என்று என்னைக் கேட்பாள். அப்போது எனக்கும் உறைக்கவில்லை; பாவி மகள், அவள் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் ஊசியை அவன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

மே மாத நடுவில் மகிமா ரகுபதி வீட்டு வாசலுக்கு வந்தாள். பக்கத்துக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம், பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். மகிமா தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. பட்டையில எந்த நேரத்துல எவ்வளவு நடந்தீங்கன்னும் இருக்கு, இப்பதான் பிரிச்சுப் பார்த்தேன். தினமும் ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து எங்க போறீங்க?"

குழாயடியில் அத்தனை குடமும் நின்றுவிட்டது.

"அய்ய, ரகுவா!" என்றாள் பக்கத்து வீட்டு மங்கை. "சின்ன வூடு வச்சுக்கினு கீறானா? அதான் ஆளு மயங்கி மயங்கி வுயறானா!"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இந்தப் பேச்சு டோல்கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சின்ன வீட்டுக்கு மாடியே எழும்பியிருக்கும். ரகுபதிக்கு இரண்டு பக்கமும் இடி. உண்மையைச் சொன்னால் டாக்டரை ஏமாற்றியவன் என்று பேர், அப்புறம் எந்தக் கடிதம் கிடைக்கும்? சொல்லாவிட்டால் பெண்டாட்டி மானம் போகும். அவன் முழித்துக்கொண்டிருக்கும்போதே குணசுந்தரி மீன் கழுவிய ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"இன்னா சொன்ன மங்க? எம்புருஷனா? அது படுத்தா வெயிலு மூஞ்சில அடிக்கிற வரிக்கும் பொரளாது! ரெண்டர மணிக்கு எயுந்து காசிமேட்டுக்கு போறவ நானு! அந்த வாட்ச கட்டிக்கினு தெருத்தெருவா சுத்துனவ நானு! எதுனா கேக்கணும்னா என்ன கேளு!"

குழாயின் கீழே குடம் நிரம்பி வழிந்தது. பிறகு மங்கைதான் முதலில் சிரித்தாள். குழாயடியே சிரித்தது. மகிமா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அது குடும்பத்துக்குக் கட்டினது இல்ல. அண்ணன் உடம்புக்குக் கட்டினது. அவர் நடக்கிறார்னு நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டினாங்க."

குணசுந்தரிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அப்போ... நான் நடக்க நடக்க, அதுக்கு மாத்திர ஏறிச்சா?"

மகிமா தலையாட்டினாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை மகிமா விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் நவ்ரீன் முதலில் கத்தினார். மாத்திரையால் ஆளே போயிருக்கலாம் என்று கத்தினார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, எல்லாம் குடும்பக் கணக்கு என்று தாங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். பழைய மாத்திரையே போதும் என்றார்.

"தடை முடிய ஒரு மாசம் இருக்கு. தினமும் நடங்க. சோத்தைப் பாதியாக்கிட்டு காய், கீரை வச்சுக்குங்க. மீன் சாப்பிடுங்க, பொரிக்காம குழம்பா சாப்பிடுங்க. பஜ்ஜி, புரோட்டா வேண்டாம். சர்க்கரை இறங்கினா ஊசியும் வேண்டாம். நானே எழுதித் தர்றேன்."

கடற்கரையோரம் நடக்கப் போன ரகுபதி பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டான். "இன்னா தொர, வாக்கிங்கா?" என்று கேட்டார்களாம்.

"தனியா நடக்க வெக்கமா கீதா?" என்றாள் குணசுந்தரி. "எங்கூட வா. கூடைய தூக்கு."

மீன் பிடிக்கிறது ஆண், விற்கிறது பெண் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். பெண்டாட்டியின் அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு லாஞ்சு டிரைவர் அவள் பின்னால் போனதைக் குப்பம் அதுவரை பார்த்ததில்லை. டில்லிபாபு கிளப் வாசலில் நின்று, "டிரைவரே, இது எந்த லாஞ்சு?" என்று கேட்டான். ரகுபதி காது சிவக்க நடந்தான். மூச்சு வாங்கியது. முதல் நாள் இரண்டாவது தெருவிலேயே ஒரு கேட் ஓரம் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் எத்தினி தெருமே?"

"இன்னிக்கு கம்மிதான். எயுந்திரு."

எழுந்தான். மறுநாளும் போனான். வீட்டில் தட்டில் சோறு சுருங்கி, கீரையும் அவரைக்காயும் வந்தன. அந்தத் தட்டைப் பார்த்து அவன் விட்ட பெருமூச்சு எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. சில நாள் கழித்து, ஆசீர்வாதம் கடை முனையில் நின்று, "மீனே... மீனு!" என்று அவனே கூவினான். கடலில் இன்ஜின் சத்தத்தை மீறி ஆட்களை அதட்டிய தொண்டை அது. காலடிப்பேட்டையே ஜன்னலைத் திறந்தது. அன்று சங்கராவும் நெத்திலியும் சீக்கிரமே தீர்ந்தன. கிளப்பில் அவன் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து ஆடினார்கள்.

தடை முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசி முகாம். துணைக்கு நானும் போனேன். குணசுந்தரி உள்ளே வர மறுத்து, வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் படித்தார். இந்தத் தடவை ஒரு தரம்தான் படித்தார்.

"இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம். கடலுக்குப் போங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரகுபதி அங்கேயே அலெக்ஸாண்டருக்குப் போன் போட்டான். "டீசல் புடிச்சாச்சு நைனா, உனக்காவத்தான் வெயிட்டிங்கு" என்ற குரல் எனக்கே கேட்டது.

வெளியே வந்து படியில் நின்றான். "குணா, எய்திக் குடுத்துட்டாங்க."

அவள் அழுதாள். சண்டையில் தெருவையே கிடுகிடுக்க வைக்கிறவள், முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னப் பெண் மாதிரி அழுதாள்.

"நீ கடலுக்கு போவாம கரையில உக்காந்தே செத்துருவன்னு பயந்துதான்யா நடந்தேன். நடந்து நடந்து நானே உன்ன கொன்னுருப்பேன்யா."

ரகுபதிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவள் பக்கத்தில் குந்தினான்.

"ஒரு மாசமா உன் பின்னாடி நடக்குறேன்ல? மத்தியானம் வரிக்கும் டீயும் பன்னும்தான் உனக்கு. வூட்டுக்கு வந்து மிச்சத்த துன்ற. நான் துன்னத எய்திக்கினாங்க, உன்ன எவனும் கேக்கல. நானும் கேக்கல. எயுந்திரு, வா."

எதிரில் இருந்த டிபன் கடையில் அவளை உட்கார வைத்து இட்லி சொன்னான். தனக்கு எதுவும் வேண்டாம், வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். அவளுக்கு உட்கார்ந்து சாப்பிடவே தெரியவில்லை. அவனுக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள், இலையை நகர்த்த எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் தோளைத் தொட்டு உட்கார்த்தினான்.

"சூடா கீது. ஆறிப் போறதுக்குள்ள துன்னு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சூடாக, முதல் ஆளாகச் சாப்பிட்டு அவன் பார்த்ததில்லை. அன்று அவள் சாப்பிட்டு முடிகிறவரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னான்.