ஒரு லென்ஸ், ஒரே ஜீப்

பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டித்தான் சின்ன மாப்பிள்ளை அந்த லென்ஸை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கை ஒரு சாண் கீழே இறங்கியது. கடைக்கார அம்மா பதறவில்லை. முதல் தடவை எல்லோருக்கும் இறங்கும் என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு வேறு ஒரு பெட்டியைத் திறக்கப் போனார். கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடும் கடை அது. கீழே சலவைக்கடை, இஸ்திரி ஆவி படிக்கட்டு வழியாக மேலே வந்துகொண்டே இருந்தது. இந்த ஈரத்தில் லென்ஸ் வைத்திருக்கலாமா என்ற கேள்வி சின்ன மாப்பிள்ளையின் நாக்கு நுனி வரை வந்தது. கண்ணாடி அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பார்த்த பிறகு, கேட்காமல் விழுங்கிக்கொண்டார்.

அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தே பழகியவருக்குச் சீட்டு இல்லாமல் எதையும் வாங்கக் கை ஓடாது. தேசியப் பூங்காவுக்குப் போவது என்று முடிவானதிலிருந்து, இருமல் மருந்துக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் நடுவில் கிடைத்த நேரமெல்லாம் போனில் லென்ஸ் பற்றியே படித்தார். மிருகங்கள் வெளியே வருவது விடிகாலையிலும் பொழுது சாயும்போதும்தான், அப்போது வெளிச்சம் போதாது, தூரமும் அதிகம் என்பதெல்லாம் இப்போது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். படித்துப் படித்து அவர் வந்து சேர்ந்த முடிவு: ஆளுக்கு ஒன்றாக, கையில் தூக்கிப் படம் எடுக்கும்படியான இரண்டு ஜூம் லென்ஸ்கள். முடிவைச் சொல்லி முடிப்பதற்குள், கூட வந்திருந்த பெரிய மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டார். வேண்டாம் என்கிற ஆட்டல்.

சின்ன மாப்பிள்ளை, பெரிய மாப்பிள்ளை என்பதெல்லாம் மாமியார் வீட்டில் வைத்த பெயர்கள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர்கள் போகவில்லை. பெரியவர் லிஃப்ட் மெக்கானிக். நகத்துக்குள் கிரீஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கைப்பிடியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் எலியும் பூனையுமாக இருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. இவர்கள் அப்படி இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஒரு வாரம் போனால் இரண்டு பேருக்குமே சோறு இறங்காது. அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, மருந்து வாங்க வந்தேன் என்று பெரியவர் கடைக்கு வருவார். அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது.

லென்ஸைச் சோதித்துப் பார்க்கக் கடைக்கார அம்மா இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. பெரிய லென்ஸைப் பொருத்திப் பார்த்தால் காகத்தின் கண்ணில் வானம் தெரிந்தது. ஆனால் மூச்சு விட்டால் போதும், காகம் கட்டத்தை விட்டே வெளியே போய்விடும். அந்தக் கனத்துக்கு ஏதாவது முட்டு கட்டாயம் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அது பெரியவருடைய கேமராவுக்குத்தான் பொருந்தும். பார்த்துப் பார்த்து வாங்கிய சின்னவருடைய கேமரா பைக்குள்ளேயே தூங்க வேண்டியதுதான். அதைச் சின்னவர் கொஞ்சம் மனத்தாங்கலாகவே சொன்னார். பெரியவர் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதில் சாய்ந்துகொண்டார்.

"சகல, ரெண்டு லென்ஸ் எடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு ஜீப் ஆகும். ஒண்ணு எடுத்தா ஒரே ஜீப்புதான். லென்ஸ வெட்டிப் பங்கு போட முடியாதுல்ல."

சின்னவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் காகத்தை மறந்துவிட்டார்.

அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அவர்களுடைய அம்மா பெரியவள் வீட்டில்தான் இருந்தார். ஒரு மழை நாளில், விடிவதற்கு வெகு முன்னால், தூக்கத்திலேயே போய்விட்டார். ஊரின் மறுகோடியில் இருந்த சின்னவளுக்குப் போன் வந்தது பொழுது நன்றாக விடிந்த பிறகு. அவள் வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டுக்காரர்கள், மாடிவீட்டுக்காரர்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கொட்டுகிற மழையில் நீ அழுதுகொண்டே வண்டி ஓட்டிக்கொண்டு வருவாய், அதற்குத்தான் என்றாள் பெரியவள். சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தந்தவள். எனக்கா ஓட்டத் தெரியாது என்று அன்றைக்குக் கேட்ட கேள்விதான் கடைசிப் பேச்சு. அதன் பிறகு இரண்டு வீட்டு விசேஷங்களிலும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒரே மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த முகம் அவர்களுடைய அம்மாவின் முகம் என்பது மாப்பிள்ளைகள் இருவருக்கும் தெரியும். வெளியே சொல்லும் தைரியம்தான் இருவருக்கும் இல்லை.

பெரியவருடைய கணக்கு அவர் தொழிலிலிருந்து வந்தது. நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து எத்தனையோ பேரை அவர் வெளியே எடுத்திருக்கிறார். உள்ளே போகும்போது ஒருத்தரை ஒருத்தர் ஏறெடுத்தும் பார்க்காதவர்கள், கதவு திறக்கும்போது சொந்தக் கதை சோகக் கதையெல்லாம் பேசி முடித்திருப்பார்கள். ஒரு தடவை, வழக்குப் போட்டு அடித்துக்கொண்டிருந்த பங்காளிகள் இருவர் உள்ளே மாட்டி, வெளியே வரும்போது ஒரே கைக்குட்டையில் முகம் துடைத்துக்கொண்டு வந்தார்களாம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பெரியவருடைய சொந்தச் சரக்கு என்பது வேறு விஷயம்.

"காட்டுக்குள்ள ஜீப்ப விட்டு எறங்கவே கூடாதாம் சகல. இத விட நல்ல லிஃப்ட் எங்க கெடைக்கும்?"

கனமான லென்ஸையே எடுத்துக்கொண்டார்கள். ஜீப்புக்குள் முக்காலியை விரிக்க முடியாது, லென்ஸுக்கு முட்டுக் கொடுக்க ஒரு துணிப்பைதான் சரி என்று கடைக்கார அம்மா சொன்னார். பொறுப்பான ஆள் என்பதால் பை சின்னவர் கைக்கு வந்தது. கடைக்கார அம்மா அவரிடம் மறுபடி மறுபடி சொல்லி அனுப்பினார்: காலியாகக் கொண்டுபோங்கள், அங்கே போய் ஏதாவது தானியத்தைக் கொட்டி நிரப்பிக்கொள்ளுங்கள்.

நாலு பேருக்கும் ஒரே ஜீப் என்ற விஷயத்தை வீட்டில் உடைத்தபோது பூகம்பம் வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, அவளுக்குத்தான் ஏதாவது இருக்கும் என்று அக்கா சொன்னாள். எனக்கென்ன, அவங்க வந்தா வரட்டும் என்று தங்கை சொன்னாள். பயணத்தைக் கெடுத்த பெயர் தனக்கு வந்துவிடக் கூடாது என்பதில் இருவருமே கவனமாக இருந்தார்கள். பிள்ளைகள் பரீட்சையைச் சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டார்கள். சின்ன மாப்பிள்ளை மட்டும் கிளம்பும் நாள் வரை ஜீப் முன்பதிவுச் சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இது சரிவராமல் போனால் இனி ஒரு முயற்சி எடுக்க யாருக்கும் தெம்பு இருக்காது. மனைவி சில நாள் காலையில் போனை எடுத்து, அக்கா பெயர் வரை தேடிப் போய், பிறகு வைத்துவிடுவதை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அந்த முகத்தை நினைத்தால் அவருக்குத் தாங்கவில்லை.

பூங்காவில் ஜீப் ஏறிய முதல் நிமிஷத்திலேயே லிஃப்ட் கணக்கு பொய்த்தது. பெண்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய்விடலாம் என்பது திட்டம். தங்கை முன் பெஞ்சில் ஏறிக் கணவரை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அக்கா ஒரு படி உயரமான பின் பெஞ்சுக்குப் போய்த் தன் கணவரோடு உட்கார்ந்தாள். ஓட்டுநர் மெதுவான குரலில் விதிகளைச் சொன்னார்: இறங்கக் கூடாது, கத்தக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது. பேசவே கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறதோ என்று சந்தேகப்படும்படி இருந்தார்கள் சகோதரிகள். பனி விலகாத புல்வெளி, ஈர மண் வாசனை, தூரத்தில் ஏதோ ஒரு பறவை. அக்காவுக்கு ஏதாவது வேண்டுமானால் கணவரிடம் சொன்னாள். அவர் முன்னால் குனிந்து சகலையிடம் சொன்னார். இவர் மனைவியிடம் சொன்னார். தண்ணீர் பாட்டில் அந்த வழியாகவே வந்து அந்த வழியாகவே திரும்பியது.

ஒரு புதருக்குப் பக்கத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். இந்த இடத்துக்குச் சிறுத்தை வருவதுண்டு என்றார். பெரியவர் லென்ஸை எடுத்து, பையைக் கேட்டார். சின்ன மாப்பிள்ளை பொறுப்பாக எடுத்து நீட்டினார். நான்காக மடித்து, இஸ்திரி போட்ட மாதிரி, காலியாக.

காலியாகக் கொண்டுபோகச் சொன்னது ஞாபகம் இருந்தது. நிரப்பச் சொன்னது இல்லை. மருந்துச் சீட்டில் ஒரு எழுத்தைத் தவறவிடாத மனிதர், சீட்டில் எழுதாமல் வாயால் சொன்னதைத் தவறவிட்டுவிட்டார். தங்கை சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். பின்னால் அக்கா இருமுவது கேட்டது, அதுவும் சிரிப்புதான்.

அப்போது புல் விலகியது. சிறுத்தை இல்லை, ஒரு நரி. ரொம்பச் சாதாரணமான நரி. வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பின்னங்காலால் காதைச் சொறிய ஆரம்பித்தது. பெரியவர் கேமராவைத் தூக்கினார். லென்ஸின் முனை காற்றில் கோலம் போட்டது. லிஃப்டையே தூக்கி நிறுத்தும் கைகள்தான், ஆனால் அசையாமல் பிடிப்பது வேறு வேலை. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அசைந்தால் அவளுக்குப் பிடிக்காது.

"குடுங்க இங்க."

கேமராவை வாங்கியவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கண் எதிரே, சரியான உயரத்தில், ஒரு தோள் இருந்தது. லென்ஸை அதன்மேல் வைத்தாள். மறு கையால் அந்தத் தோளை ஒரு அழுத்து அழுத்தினாள், இரண்டு விரலால் கன்னத்தைத் தள்ளி முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். தினமும் முன்பின் தெரியாத எத்தனையோ பேரை அவள் இப்படித்தான் நிறுத்திவைக்கிறாள்.

"தோள எறக்கு. ம். மூச்ச நல்லா இழு. பிடி."

தாங்கள் பேசுவதில்லை என்பது ஞாபகம் வருவதற்குள் தங்கை மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டாள். சின்ன மாப்பிள்ளையும் பிடித்தார். பின்னால் பெரியவரும், சம்பந்தமே இல்லாத ஓட்டுநரும்கூடப் பிடித்திருந்தார்கள். தங்கையின் காதோரம் கேமரா கிளிக், கிளிக் என்றது. நரி ஒரு முறை இவர்கள் பக்கம் பார்த்துவிட்டு, மற்றக் காதையும் சொறிந்தது.

"இப்ப விடலாம்," என்றாள் அக்கா.

நரி எழுந்து புல்லுக்குள் போனது. ஓட்டுநர் சாவிக்குக் கையைக் கொண்டுபோனார். பெரியவர் பாதி எழுந்து, முன் பெஞ்சுக்கு மேலாக எட்டி அவர் தோளைத் தொட, கை நின்றது. லென்ஸ் இன்னும் தங்கையின் தோளில்தான் இருந்தது. எடுப்பவள் எடுக்கவில்லை, சுமப்பவளும் விலகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்ன மாப்பிள்ளைக்கு மனைவியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவள் முன்னால் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முன்னாடியே எதிர்வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

"மழைன்னு சொன்னேனே."

"மழை கெடக்கட்டும்க்கா."

அக்கா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே வெறும் புல்தான் இருந்தது. பெரியவர் எங்கேயோ பார்த்தார். சின்னவருக்கு, இதைக் கேட்காமல் இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. இறங்கக் கூடாது என்பதுதான் விதி.

"நான் சொல்ற வரைக்கும் உனக்கு அம்மா இருந்தாங்கல்ல," என்றாள் அக்கா. "விடியற வரைக்குமாவது இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

லென்ஸ் மெல்ல ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு தங்கையின் காதில் இடிக்கிற அளவுக்கு. பின்னாலிருந்து வந்த சத்தம் இருமல் இல்லை என்பது சின்ன மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. அவர் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கி, அந்தக் கனத்தைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நரி போன இடத்தில் புல் இன்னும் கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தது.