அபராதக் கவர்

ஞாயிற்றுக்கிழமை காலை டீ ஆறுவதற்குள் அந்த வீட்டில் கணக்குக் கூட்டம் ஆரம்பமாகிவிடும். சாப்பாட்டு மேசையில் வாடகை, கரண்ட், மளிகை, வைத்தியம் என்று பேர் எழுதிய கவர்கள் வரிசையாகக் கிடக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது தையல்காரிதான். அதற்கு முன்பு அந்த வீட்டுக்குப் பணம் எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்று ஒருத்தருக்கும் தெரியாது. மாசக் கடைசியில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்று பேர் என்றால் தையல்காரி, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் நாத்தனார். கூட்டத்துக்குச் சட்டம் உண்டு. கடன் வாங்கக் கூடாது. ஆளுக்கொரு கைச்செலவுக் கவர். அதில் இருப்பது அவரவருக்கே, குடும்பத்துக்காகத் தியாகம் செய்கிறேன் பேர்வழி என்று எடுத்து நீட்டக் கூடாது. இது சும்மா வந்த சட்டம் இல்லை. முதல் மாசம் மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு தியாகம் செய்துவிட்டு, அடுத்த மாசம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். தியாகிகளோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

கடைசிச் சட்டம் நாத்தனார் போட்டது. கூட்டத்தில் யார் குரலை உயர்த்தினாலும் தன் கைச்செலவிலிருந்து ஒரு நோட்டு அபராதம் கட்ட வேண்டும். தையல்காரியை மனசில் வைத்துத்தான் போட்டாள், மறைப்பானேன். தையல்காரிக்குக் கோபம் மூக்கு நுனியில். மளிகைக் கவர் பாதி மாசத்தில் இளைத்துப்போனால் கத்துவாள். அபராதம் கட்டச் சொன்னால் அதற்கும் கத்துவாள். அவள் புருஷனோ பரம சாது. லிஃப்ட் கதவு மூடுகிற சத்தமே அவன் பேச்சைவிடப் பெரிசு. ஒரு வருஷத்தில் ஒரு நோட்டுகூட அவன் கட்டியதில்லை.

அபராதமெல்லாம் மெஷின் கவருக்குள் போகும். அண்ணியின் தொண்டைதான் பாதி மெஷினை வாங்கப்போகிறது என்று நாத்தனார் கேலி செய்வாள்.

அந்த ஓவர்லாக் மெஷின் மேல் தையல்காரி உயிரையே வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் கைக்கு வந்திருந்தது. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்க அந்த மெஷின் வேண்டும். வெளியில் கொடுத்து அடித்து வாங்கினால் லாபமெல்லாம் அங்கேயே போய்விடும். கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போகிற ஒரு தையல் மாஸ்டர் தன்னுடையதைச் சல்லிசான விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். இந்த ஞாயிறு சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. இன்னொருத்தர் முழுப் பணத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.

பணம் சரியாகச் சேர்ந்திருக்கும். போன வாரம் பார்த்து நாத்தனாரின் கடைவாய்ப் பல் வம்பு செய்தது. வைத்தியக் கவர் போதவில்லை. அவள் கைச்செலவும் கரைந்து, மெஷின் கவரிலும் கை வைக்க வேண்டியதாயிற்று.

எண்ணிப் பார்த்தார்கள். ஆறு நோட்டு குறைந்தது. மறுபடியும் எண்ணினார்கள், குறைகிறது குறைகிறதுதான்.

"மாஸ்டருக்குப் போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள் தையல்காரி.

கத்தாமல் சொன்னாள். அதைத்தான் மற்ற இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் குனிந்துகொண்டாள். தையல்காரி போனை எடுத்தாள்.

படாரென்று மேசையில் ஒரு அறை விழுந்தது.

"டீயில சக்கரையே இல்ல!"

கத்தியது மெக்கானிக். டீ போட்டதும் அவனேதான்.

நாத்தனார் பழக்கதோஷத்தில் அபராதம் என்றாள். கேட்பதற்காகவே காத்திருந்தவன்போல அவன் தன் கவரிலிருந்து ஒரு நோட்டை உருவி வைத்தான். அடுத்தபடியாகக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறதென்று கத்தினான். தங்கை பல்லைச் சரியாகத் தேய்ப்பதில்லை என்று கத்தினான். அடேயப்பா, அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. பக்கத்து வீட்டு நர்ஸ் பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். அவன் கதவைத் திறந்து, வழக்கமான மெல்லிய குரலில், ஒன்றுமில்லைங்க, கணக்குப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கத்தினான்.

"தையல்காரி புருஷன் சட்டையில ஒரு பட்டனாவது இருக்கா?"

தையல்காரி சட்டையைப் பார்த்தாள். எல்லாப் பட்டனும் இருந்தது. அவள் தைத்ததுதான். அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் தூண்டில் விற்கிற கடைக் கண்ணாடி முன்னால் அவன் நின்றுவிடுவான். இன்னும் ஒரு நோட்டு சேர்ந்தால் வாங்கிவிடுவேன் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான். அந்தக் கவரைத்தான் இப்போது காலி செய்துகொண்டிருந்தான்.

ஐந்தாவது தடவை எதற்கென்றே சொல்லாமல் கத்தினான். கவரைக் கவிழ்த்து உதறினான். அதில் ஒன்றுமில்லை.

"ஒண்ணுதான் குறையுது. நீ ஒரு தடவை கத்திடு" என்றான், தன் சொந்தக் குரலில்.

தையல்காரி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இது சத்தத்துல சேராது, அண்ணி" என்றாள் நாத்தனார். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

தையல்காரி தூண்டில் என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டாள்.

"மீன் எங்க போயிடப் போகுது? ஆத்துலதானே இருக்கும்" என்றான் அவன்.

அவ்வளவுதான்.

"உங்களுக்குன்னு ஒரு பொருள் வாங்கிக்கத் தெரியுமா உங்களுக்கு? ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது உங்களைப் பத்தி நினைச்சிருக்கீங்களா?"

மேசை மேல் டம்ளர் அதிர்ந்தது. நர்ஸ் இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை; இது அவளுக்குப் பழகின குரல். நாத்தனார் மெஷின் கவரை நீட்டினாள். தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன்னிடமிருந்த ஒரே நோட்டை அதற்குள் போட்டாள். எல்லாம் சட்டப்படி நடந்திருக்கிறது என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். அதற்கப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்புக்கு அபராதம் இல்லை.

அடுத்த ஞாயிறு ஜன்னலோரத்தில் மெஷின் நின்றுகொண்டிருந்தது. கீழே வெட்டிய நூல் சிதறிக் கிடந்தது. புதுக் கைச்செலவு நோட்டுகள் அவரவர் கவருக்குள் போயின. தையல்காரி பழைய கவரில் மெஷின் என்பதை அடித்துவிட்டுத் தூண்டில் என்று எழுதினாள். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் அவள் அவன் போட்ட டீயை ஒரு வாய் குடித்தாள். சக்கரை சரியாகவே இருந்தது.

"இதெல்லாம் ஒரு டீயா?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டு, நோட்டை எடுத்தாள்.