கார்புரேட்டருக்குச் சொன்ன பதில்கள்

பரவை மார்க்கெட்டுக்குப் பின்புறம் இருக்கும் அருள்பாண்டியின் லேத் பட்டறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, டயானா டீச்சர் கார்புரேட்டரின் வாய்க்குள் ஒரு வார்த்தை சொன்னாள். என்ஜினில் ஒரு குதிரை கூடியது. அன்று மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கிலோ எழுபது, கத்தரிக்காய் இருபத்தெட்டு. இரண்டு மாதமாக நாற்பத்தேழைத் தாண்டாத சிவப்பு எண் நாற்பத்தெட்டுக்குப் போய் அங்கேயே நின்றது. அருள்பாண்டி மீட்டரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். பிறகு டீ சொன்னான்.

வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, தவளை மாதிரி முழி பிதுங்கிய ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பத்தொன்பதில் சீமையில் செய்தது. சீமைக்கே திரும்பிப் போன ஒரு மிஷன் டாக்டர் எழுபத்தொன்றில் அதை ஞானமுத்துவிடம் விட்டுவிட்டுப் போனார். ஞானமுத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். டயானாவுக்கும் அவள் தம்பி மெர்வினுக்கும் அப்பா. என்ஜின் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு சிசி, அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் குறைவு. புதிதில் நாற்பத்து மூன்று குதிரைத்திறன் இழுத்தது, கிழடானபின் முப்பத்தொன்று. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஞானமுத்து பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், டயானா ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். எந்த அளவு என்று அவர் கேட்பதற்கு முன்பே அது அவள் கையில் இருக்கும். டைமிங் பிந்தியிருந்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். ஓட்டியது மட்டும் மெர்வின். பத்தொன்பது வயதில் ஒரே ஒரு முறை அவள் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தபோது ஞானமுத்து, "நீ எடுத்துக் குடும்மா, தம்பி ஓட்டட்டும்" என்றார். டயானா இறங்கிக் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க பொண்ணுக்கு வாயே கிடையாதுங்க" என்று ஞானமுத்து சொன்னதும், அது பெரிய தகுதி என்று மாப்பிள்ளை ஸ்டீபனின் அக்கா மரியம்மாள் தலையாட்டியதும் அதற்கு அடுத்த சில வருடங்களில். அந்த நல்ல பெயரை டயானா இருபத்தாறு வருடம் காப்பாற்றினாள். வீட்டில், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், சபையில் யார் என்ன சொன்னாலும் சரிங்க என்றாள்.

ஞானமுத்து இறந்து மூன்றாம் நாள் வீட்டில் ஆறுதல் ஜெபம். ஜெபம் முடிந்து காபி வந்துகொண்டிருந்தபோது மெர்வின், வண்டியைக் கோயம்புத்தூரில் பழைய கார் சேர்க்கும் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான். கண்ணாடி ஹாலில் வைப்பார்களாம். பெட்ரோல், ஆயில் எல்லாவற்றையும் வடித்துவிடுவார்களாம். இனி அது ஸ்டார்ட் ஆகவே தேவையில்லை என்று அவன் சொன்ன விதம், யாருக்கோ பெரிய உபகாரம் செய்வது மாதிரி இருந்தது. "வண்டி எனக்கு வேணும்" என்றாள் டயானா. மரியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஓட்டவே தெரியாதேக்கா" என்றான் மெர்வின். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்த தைரியத்தில் இன்னும் கொஞ்சம் போனான். "அந்தக் கிழட்டு என்ஜினை அறுபது குதிரை இழுக்க வச்சுக் காட்டு. சாவியும் ஆர்சி புக்கும் உன் கையில குடுத்துட்டுப் போறேன்." அறுபது நடக்காது என்று கோயம்புத்தூர்க்காரர் அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். டயானா ஆயர் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்கய்யா" என்றாள். ஆயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜெபத் தாளின் பின்புறத்தில் எழுதினார்: முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள், அறுபது.

அருள்பாண்டியின் பட்டறையில், மூடிப்போன ஒரு கல்லூரியிலிருந்து வாங்கிவந்த உருளைகள் தரையில் பதிக்கப்பட்டிருந்தன. பின் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுவரில் எத்தனை குதிரை என்று சிவப்பில் எண் எரியும். டயானா சனிக்கிழமையும் விடுமுறை நாளும் அங்கேதான் இருந்தாள். சிலிண்டர் ஹெட்டை ஒரு மில்லிமீட்டர் சீவினார்கள். காற்று போகும் துளைகளை அகலப்படுத்தி, கண்ணாடி மாதிரி இழைத்தாள். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சு விடும்படி ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருகினாள். சைலன்சரை மாற்றினார்கள். பழைய கேம் ஷாஃப்டுக்குப் பதில் வேறொன்று கடைந்தார்கள். முப்பத்தொன்று நாற்பத்தேழு ஆயிற்று. அதற்குமேல் எது செய்தாலும் பிஸ்டன் உருகும் என்ற நிலை. "டீச்சர், இந்த என்ஜினுக்கு இம்புட்டுதான்" என்றான் அருள்பாண்டி. அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்று உள்ளே இழுபடும் சீறலைக் கேட்கக் குனிந்திருந்தபோது மரியம்மாளின் போன் வந்தது. "கையெல்லாம் கிரீஸோடவா எந்தம்பிக்குச் சோறு போடுற?" டயானா, "சரிங்க மதினி" என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகு, வாய்க்கும் கார்புரேட்டருக்கும் நாலு விரல் தூரம்கூட இல்லாத நிலையில், "உங்க தம்பிக்குக் கையில்லையா மதினி, போட்டுத் திங்க" என்றாள். பக்கத்தில் நின்ற அருள்பாண்டிக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. சொல் வெளியே வரவில்லை; கார்புரேட்டர் இழுத்துக்கொண்டது. அடுத்த ஓட்டத்தில் நாற்பத்தெட்டு.

இப்படித்தான் தெரியவந்தது. அதன்பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. இருபத்திரண்டு வருடம் பௌதிகம் நடத்திய டயானாவை விட்டுவிட்டு, அவளுக்கு எட்டு வருடம் பிந்தி வந்தவரைத் தலைமையாசிரியர் ஆக்கிய தாளாளர், "நீங்க அமைதியானவங்க, உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தத் தலைவலி" என்று கேட்டிருந்தார். "எனக்கும் தலை இருக்கு சார், வலிச்சா வலிக்கட்டும், குடுங்க" என்ற பதில் இரண்டு குதிரை தந்தது. மகள் ஷெரின் பிறந்த அன்று பிரசவ வார்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற மரியம்மாளுக்கு, "பெத்த நானே அழுகல, பாக்க வந்த நீங்க எதுக்கு மதினி அழுகுறீங்க" என்றதற்கு மூன்று. ஒவ்வொரு மே மாதமும் ஸ்டீபன், "லீவுல சும்மாதான இருக்க" என்பான். "ஒரு நாள் நீங்க சும்மா இருந்து பாருங்க, நான் எந்திரிக்கவே மாட்டேன்" என்ற பதிலுக்கு ஒன்றுதான் கூடியது. இருபத்தாறு மே மாதங்களுக்கும் சேர்த்து ஒன்று. ஒரே பதில் இரண்டு தடவை செல்லாது. பஸ்ஸில் உரசிவிட்டு, இறங்கும்போது வழியும் கேட்டவனுக்கு ஒன்றரை. சில்லறைக்காகச் சத்தம் போட்ட கண்டக்டருக்குக் கால். பாடகர் குழுவில், டீ போடுகிற முறை எப்போதும் தனக்கே வருவது பற்றி முக்கால். இல்லாத கோபத்தை ஏற்றிச் சொன்னால் அரை குறைந்தது. அருள்பாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி ஆசைப்பட்டுத் தன் குறை ஒன்றை அதில் சொல்லிப் பார்த்தாள். வண்டி இருமியது, இரண்டு இறங்கியது, மறுநாள்தான் சரியானது. அடுத்தவர் கோபம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு பாண்டீஸ்வரி கணவனின் பைக்கிடம் போய்ப் பேசினாள். அதில் எட்டு கூடியது. அருள்பாண்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னும் சில சில்லறைப் பதில்களோடு ஏறி, ஐம்பத்தொன்பதில் நின்றுவிட்டது. நினைவு நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. டயானா யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பில் தன் சிலேட்டை உடைத்தவளை நினைவுபடுத்தி அவளுக்குக்கூடச் சொன்னாள், எண் அசையவில்லை. "யாரையாச்சும் விட்டுட்டீங்களா டீச்சர், நல்லா யோசிங்க" என்றான் அருள்பாண்டி. "யாரும் இல்ல" என்றாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நினைவு நாளன்று ஆராதனையும் சாப்பாடும் முடிந்து, உறவுக்காரர்கள் இரண்டு வேனில் பட்டறைக்கு வந்தார்கள். ஆயர் அந்த ஜெபத் தாளைப் பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அருள்பாண்டி வண்டியில் ஏறி மிதித்தான். சுவரில் ஐம்பத்தொன்பது எரிந்தது. இரண்டாவது தடவையும் ஐம்பத்தொன்பது. மரியம்மாள் நைசாகச் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். கோயம்புத்தூர்க்காரரின் லாரி அதற்குள் ரோட்டில் வந்து நின்றிருந்தது. சங்கிலிகூடத் தயாராக இருந்தது.

"ஒண்ணுதான குறையுது, கிட்ட வந்துட்டியேக்கா" என்றான் மெர்வின். ஆறுதல் சொல்வதுபோலத் தோளில் கை வைத்தான். "மனசைத் தேத்திக்க. அப்பா இருந்தாலும் என்கிட்ட குடுக்கத்தான் சொல்லியிருப்பாரு."

அது உண்மை. அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். ஞானமுத்து மோசமான அப்பா இல்லை. காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவர். கிளார்க் சம்பளத்தில் அவளை எம்.எஸ்சி. படிக்க வைத்தவர். அதனால்தான் அவருக்கான பதில் முப்பத்து மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. தாளாளரைப் பற்றியும் மதினியைப் பற்றியும் கோபப்படுவது சுலபம். டயானா தம்பியின் கையைத் தோளிலிருந்து எடுத்து அவனிடமே கொடுத்தாள். "மிதிங்க தம்பி" என்று அருள்பாண்டியிடம் சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

"அப்பா, என்னையப் பெத்தீங்களா, எடுபிடிக்கு எடுத்தீங்களா?"

கார்புரேட்டரால் அதை ஒரே இழுப்பில் இழுக்க முடியவில்லை. மூன்று மிடறாகக் குடித்தது. அறுபது, அறுபத்தெட்டு, எழுபத்தேழு. தகரக் கூரையின் ஆணிகள் கழன்று தொங்கின. எத்தனையோ வருடத்து ஒட்டடையும் இரும்புத் தூசியும் பட்டுச்சேலைகள்மேலும் வெள்ளைச் சட்டைகள்மேலும் கொட்டின. வண்டியைப் பிணைத்திருந்த நான்கு பெல்ட்டில் மூன்று அறுந்தன. நான்காவது அறுவதற்கு முன் அருள்பாண்டி காலை எடுத்துவிட்டான். டயானா நிமிர்ந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது. அது பெட்ரோலா கண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடிய முகமாக அது இல்லை. ஆயர் தாளை எடுத்து, எழுதியிருந்ததை உரக்க வாசித்து, பழக்கத்தில் கடைசியில் ஆமென் என்றார். வேனில் வந்தவர்களும் ஆமென் என்றார்கள்.

"மீட்டர்ல ஏதோ பண்ணியிருக்கீங்க அண்ணே" என்றான் மெர்வின். அருள்பாண்டி, மெர்வின் சென்னையிலிருந்து ஓட்டிவந்த காரை உருளைமேல் ஏற்றச் சொன்னான். கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பதற்கு இரண்டு குறைவாகக் காட்டியது. மெர்வின் சாவியையும் ஆர்சி புக்கையும் பானெட்மேல் வைத்தான். டயானா, "கையில குடு" என்றாள். கையில் கொடுத்தான். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

ஐம்பத்திரண்டாம் வயதில் டயானா கீழக்குயில்குடி ரோட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் என்ஜின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, குதிரைத்திறன் என்ற கட்டத்தில் எழுபத்தேழு என்று எழுதி, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். விஷயம் கேள்விப்பட்டு, திருவாதவூரில் முத்துமீனா என்ற பெண் வயலில் இருந்த ஆயில் என்ஜினிடம் ஒரு மத்தியானம் பேசினாள். அன்றிலிருந்து கடைசி வயல்வரை தண்ணீர் பாய்கிறது. என்ன சொன்னாய் என்று அவள் கணவன் கேட்கவில்லை. இப்போது பரவை பட்டறையில் புதன், வெள்ளி இரண்டு நாளும் பெண்களுக்கு. கூட்டம் அதிகமானதால் அருள்பாண்டி நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறான்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு வந்த மெர்வின், திண்டுக்கல் ரோட்டில் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனான். சமயநல்லூர் தாண்டும்போது, "மெதுவாப் போக்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இம்புட்டு வேகம்" என்றான். "பயமா இருந்தா பஸ்ஸுல வா" என்றாள் டயானா, கியரை மாற்றிக்கொண்டே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அருள்பாண்டி வண்டியை உருளையில் ஏற்றிப் பார்க்கிறான். எழுபத்தேழுதான். குறையவில்லை, கூடுவதற்கும் வழியில்லை, டீச்சர் இப்போதெல்லாம் பதிலை அங்கங்கேயே சொல்லிவிடுகிறாள்.