அக்காவின் இடம்

கணவரின் தொப்பி, முகக்கவசம், மழைக்கோட்டு. வெளியே மழை இல்லை. பேருந்தின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது.

முன்னால், ஜன்னலோரம் தம்பி. முப்பதைத் தாண்டியவன், ஆட்டிசம் உள்ளவன். முதல்முறையாகத் தனியாக வேலைக்குப் போகிறான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கும் வேலை.

"தனியா வந்து சேர்ந்தா வேலை நிச்சயம். நீங்க கூட வரவே கூடாது," என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லியிருந்தார். அக்கா தலையாட்டினாள். தலையாட்டியவள்தான் இப்போது கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

மாதக்கணக்கில் இதே பேருந்தில் கூடவே போய்ப் பழக்கியிருந்தாள். எங்கே இறங்குவது, பாதை மாறினால் யாரைக் கேட்பது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இருந்தும் அவனுக்குத் தெரியாமல் பின்வாசலில் ஏறிவிட்டாள்.

சந்தை நிறுத்தத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. தம்பி தன் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

வாளியும் கையுமாக ஒரு பெயிண்டர் வந்தார். "பையை எடுப்பா."

"இது அக்கா இடம்."

"அக்கா எங்க?"

"இன்னிக்கு வரக்கூடாது."

"வராத ஆளுக்கு எதுக்குய்யா இடம்? உங்க அக்கா என்ன மகாராணியா?"

"இல்ல. கண்ணாடிக் கடையில வேலை."

யாரோ சிரித்தார்கள். அக்கா உதட்டைக் கடித்தாள். பழக்கிய நாளெல்லாம் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பாதையோடு தன்னையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

நடத்துநர் வந்தார். "பையை எடுக்கிறியா, அடுத்த ஸ்டாப்ல இறக்கி விடவா?"

தம்பி விரல்களை உதறத் தொடங்கினான். அந்த உதறல் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கால் முன்னே போனது. போனால் வேலை போச்சு. கால் பின்னே வந்தது.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணின் காதில் கிசுகிசுத்தாள். அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிப் போனாள்.

"அண்ணா, பையை மடியில வச்சுக்கணுமாம். உங்க அக்கா சொன்னாங்க."

தம்பி திரும்பவே இல்லை. "அவளையே வந்து சொல்லச் சொல்லுங்க. பின்னாடிதான் நிக்கிறா. மாமா தொப்பி போட்டுருக்கா."

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அக்கா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவனிடம் போனாள்.

"நான் வராத நாள்ல இது யார் வேணும்னாலும் உட்கார்ற இடம்டா."

யோசித்தான். விரல்கள் நின்றன. பை மடிக்கு வந்தது. பெயிண்டர் உட்கார்ந்தார்.

"இப்ப நீ இறங்கு," என்றான் தம்பி.

"என்னது?"

"நீ இருந்தா அது தனியா இல்ல. இறங்கு."

"இறங்கிடுங்க மகாராணி," என்றார் பெயிண்டர்.

இறங்கினாள். பேருந்து போய்விட்டது. நிறுத்தத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தொப்பியைக் கசக்கினாள். அதே எண்ணில் அடுத்த பேருந்து வந்தது. கால் தானாகப் படியில் ஏறியது.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் ஓட்டுநர்.

"அடுத்ததுல வர்றேன்."

அதற்கடுத்த பேருந்திடமும் அதையேதான் சொன்னாள்.

ஒருவழியாகக் கைபேசி அடித்தது. பயிற்சியாளர்.

"வந்துட்டாரு. வந்ததும் வராததுமா, 'அக்கா பின்னாடியே வந்தா, இறக்கி விட்டுட்டேன்'னாரு."

அவள் கைபேசியைக் காதோடு அழுத்தினாள். "சார்... வேலை?"

"துண்டு மடிச்சுக்கிட்டிருக்காரு. நாளைக்கும் வந்தீங்கன்னா, நாளைக்கும் இறக்கி விடச் சொல்லியிருக்கேன்."

கைபேசியைப் பைக்குள் போட்டாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். தெருமுனையில் அதே எண்ணில் இன்னொரு பேருந்து திரும்பியது.