யூசுப் பாய் வலை போடும் இடம்

செம்பவாங் பக்கம் கடலில் மண் கொட்டி நிலமாக்குகிற வேலை எனக்கு. சேறு வெளியே போகாமலிருக்கத் தண்ணீருக்குள் ஒரு பெரிய திரை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது கிழிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சூப்பர்வைசரிடம் சொன்னோம். அப்புறம் பார்க்கலாம், வெளியே பேசாதே என்றார். எங்கள் வேலை பெர்மிட் கம்பெனிக்காரர்கள் கையில். பேசவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் பாசிக்காடு இருந்தது. முன்பெல்லாம் நங்கூரத்தைத் தூக்கினால் கொத்துக் கொத்தாகப் பாசி சுற்றிக்கொண்டு வரும். இப்போது சேறுதான் வருகிறது.

முகமது யூசுப் பாய் வலை போடுவதும் அங்கேதான். கப்பல் பட்டறையில் இருந்து ரிட்டயர் ஆனவர், சின்ன போட் வைத்திருக்கிறார். பாசி தின்ன ஓரா மீன் கூட்டமாக வரும். சீனப் புத்தாண்டு சமயத்தில் சினையோடு கிடைத்தால் நல்ல விலை. இந்த வருஷம் ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் டீ வாங்கிக் கொடுத்தார். என்னை ஒருநாளும் வாங்க விடமாட்டார். போட்டை விற்கப் போகிறாராம், பிடோக்கில் ஒருத்தர் கேட்டிருக்கிறாராம். வலையில் சேறு வருகிறது, கண் மங்கி இடம் தப்பிவிட்டது, மகளும் வீட்டில் உட்காரச் சொல்கிறாள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டீ ஆறிப்போய் இருந்தது.

“நீ டெய்லி அந்தப் பக்கம் போற. என் மிதவை கெடக்கிற இடம் சரிதானா? அத மட்டும் சொல்லுலா.”

“சரிதான் பாய். உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்ப பாசி எங்க?”

எங்கள் ஊர் மண்டபம் பக்கம். பெண்கள் முங்கிப் பாசி எடுக்கிற ஊர். அதனால் பாசி விஷயத்தில் என் பேச்சை அப்படியே நம்புவார்.

“சீசன் தள்ளிப் போயிருக்கும் பாய். வந்துரும்.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. அங்கேயே பிடோக்காரருக்குப் போன் போட்டு, போட் விற்பதாக இல்லை என்றார். பழைய வலை நைந்துவிட்டது, புதுசு வாங்கணும் என்று எழுந்தார். கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கலாம். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் காலையில் எங்கள் போட் அந்த வழியாகப் போனது. பாய் அதே இடத்தில் புது வலையை இறக்கிக்கொண்டிருந்தார். பச்சை நூல், வெயிலில் பளபளத்தது. யாருடா அது என்று கூட வேலை பார்க்கிற தனசேகரன் கேட்டான். தெரிஞ்சவர் என்றேன்.

பாய் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

பிறகு மண் கொட்டப் போனோம்.