கால் கழுவும் ஞாயிறு

இந்த வருஷமும் அம்மா என் பக்கம் வர மாட்டாள். வராமல் இருப்பதே நல்லது. திடீரென்று வந்து நின்றால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நெல்டா இப்படி நினைத்துக்கொண்டே குனிந்து காலுறையைக் கழற்றி, சுருட்டி, ஷூவுக்குள் திணித்தாள். தேவாலயத்தில் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்து முடித்திருந்தார்கள்; இனி இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். ஆண்கள் அந்தப் பக்கத்து பெஞ்சுகளில், பெண்கள் இந்தப் பக்கத்தில். நடுவில் எனாமல் தொட்டிகளில் வெதுவெதுப்பான தண்ணீர். ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தும் காற்றில்லை. அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில் மே மாதம் அப்படித்தான்.

யாருடைய காலை யார் கழுவுவது என்று முன்னதாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். இடுப்பில் நீளத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருத்தி எழுந்து வந்து உன் முன்னால் மண்டியிட்டால், வேண்டாம் என்று நீ சொல்லக் கூடாது; பதிலுக்கு அவள் காலை நீயும் கழுவ வேண்டும். இன்னொன்றும் உண்டு. எதிரில் இருப்பவளிடம் மறைக்கிற எதையும் மனதில் வைத்துக்கொண்டு அவள் காலைத் தொடக் கூடாது. மற்றபடி இது ஒன்றும் பெரிய தியாகமில்லை. எல்லாரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

நெல்டாவின் தாய் வெர்லி வருஷா வருஷம் முதல் ஆளாக எழுந்து நேராகத் தன் சிநேகிதி ஆட்டியிடம் போய்விடுவாள். பக்கத்திலேயே மகள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். நெல்டா ஞானஸ்நானம் பெற்ற வயதிலிருந்து இதே கதை. ஒருமுறை அவளே துண்டைக் கட்டிக்கொண்டு தாயின் பக்கம் நடந்தாள். வெர்லி இருமல் வந்ததுபோல் வெளியே போய்விட்டாள். அதன் பிறகு நெல்டா முயன்றதில்லை. "அம்மாவுக்கு முட்டி வலி" என்று கேட்காதவர்களிடமும் தானே சொல்லப் பழகிக்கொண்டாள். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்பதை, சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு சாப்பிடுவதுபோல, அந்தப் பக்கம் படாமல் வாழக் கற்றுக்கொண்டாள்.

இந்த வருஷம் ஆட்டி இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தாள். பாட்டு ஆரம்பித்துவிட்டது. எந்த வாத்தியமும் இல்லாத, தொண்டையை மட்டும் நம்பிய பாட்டு. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெர்லி எழவில்லை.

சபை டீக்கனின் மனைவி மாக்சினுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. "என்ன சிஸ்டர் வெர்லி, ஆட்டி இல்லேன்னா உங்க காலுக்கு இன்னிக்கு லீவா? அதோ உங்க பொண்ணு ஷூவைக் கழட்டிட்டு கோழி மாதிரி உக்காந்திருக்கா பாருங்க."

"அவங்களுக்கு முட்டி..." என்று நெல்டா ஆரம்பித்தாள்.

"முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் வெர்லி.

எழுந்தாள். துண்டை எடுத்து இடுப்பில் இரண்டு முறை முடிந்தாள். எழுபத்தெட்டு வயது உடம்பு மெதுவாக மடங்கி நெல்டாவின் முன்னால் தரையில் இறங்கியது. நெல்டாவுக்குத் தாயின் உச்சி வகிடு தெரிந்தது. அந்த இடத்தை இதற்கு முன் பார்த்ததாக நினைவில்லை.

வெர்லி தொட்டியை இழுத்து வைத்தாள். மகளின் குதிகாலைக் கையில் ஏந்தினாள். தண்ணீரில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முடியலேன்னா விட்டுடு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"பேசாம இரு. சொல்லாம கழுவ முடியாது." குனிந்த தலை நிமிரவில்லை. பாட்டுக்கு அடியில், நெல்டாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "உனக்கு முன்னாடி எனக்கு ஒருத்தி பொறந்தா. எனக்குப் பதினாறு வயசு. எங்கம்மா என்னை ஊருக்குத் தெரியாம டவுன்ல ஒரு விடுதியில கொண்டுபோய் விட்டுட்டாங்க. அத்தைக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கான்னு இங்க சொல்லிக்கிட்டாங்க."

பாட்டை மீறிக் கேட்பதற்காக நெல்டா இன்னும் குனிந்தாள்.

"குழந்தையை வேற யாருக்கோ பேசி வச்சிருந்தாங்க. முகத்தைப் பாத்தா விட மனசு வராதுன்னு போர்வையால மூடித்தான் கையில குடுத்தாங்க. கால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அவங்க வந்து வாங்கிக்கிற வரைக்கும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவகிட்ட நான் பாத்தது அவ்வளவுதான்."

தண்ணீர் ஒரு கை அள்ளி மகளின் பாதத்தில் விட்டாள்.

"அப்புறம் நீ பொறந்தே. உன் காலைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அவ காலுதான். என்னால தொட முடியலடி."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். உனக்கு ஷூ மாட்டிவிட்டது, முள் எடுத்தது எல்லாம் அவருதானே. ஏன்னு நினைச்சே?"

நெல்டா அதைப் பற்றி நினைத்ததே இல்லை. அப்பாவுக்குத் தன்மேல் பிரியம் என்று மட்டும் நினைத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரு அக்காவுக்காக இப்போது அழ வேண்டும் என்று தோன்றியது. ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை. ஈரத் துணியைப் பிழிந்ததுபோல் நெஞ்சிலிருந்து என்னவோ வடிந்து இறங்கியது. அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை. இத்தனை வயதுக்குமேல் இது ஒரு சேதியா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சேதிதான். இந்த நிம்மதிக்காகக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு கண்ணீர் வந்தது.

"ரெண்டு பேரும் காலைக் கழுவுறீங்களா, ஊற வைக்கிறீங்களா?" என்றாள் மாக்சின், அடுத்த தொட்டியிலிருந்து.

"உனக்கு முடிஞ்சா நீ போய்ச் சாப்பிடு மாக்சின்" என்றாள் வெர்லி. நிதானமாக இரண்டாவது காலை எடுத்து, விரலிடுக்கெல்லாம் கழுவி, துண்டால் ஒற்றினாள். பிறகு நெல்டா மண்டியிட்டாள். தாயின் கால்கள் அவள் நினைத்ததைவிடச் சிறியவை.

வெளியே ஓக் மரங்களின் கீழே நீள மேஜைகளில் சாப்பாடு காத்திருந்தது. பொரித்த கோழி, சோள ரொட்டி, பீன்ஸ், ஐந்தாறு விதமான வாழைப்பழப் புட்டிங். வெர்லி நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் கோழி கேட்டு வாங்கினாள். நெல்டாவும் பசியோடு சாப்பிட்டாள். பேச்சு அதிகமில்லை. தோள்கள் மட்டும் உரசிக்கொண்டிருந்தன.

நெல்டாவின் மகள் க்ரிஸ்டா தட்டோடு தூரத்தில் வரிசையில் நின்றாள். அட்லாண்டாவிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். பத்து வயதில் அவள் ஒருநாள் கேட்டாள், "பாட்டிக்கு உன்னை ஏன் பிடிக்காது?" அவங்க சுபாவம் அப்படி என்று நெல்டா வாயை அடைத்துவிட்டாள். அதற்கப்புறம் க்ரிஸ்டா தாயிடம் கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். இப்போது போனில் பேசினால் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

க்ரிஸ்டா இவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடந்து வந்தாள். வெர்லி மேஜைக்கு அடியில் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இவகிட்ட சொல்லிடாத. நமக்குள்ளயே இருக்கட்டும். என்னோடயே போயிடட்டும், நெல்டா. எனக்கு வாக்குக் குடு."

"ரெண்டு பேரும் அழுதிருக்கீங்க" என்றாள் க்ரிஸ்டா, தட்டை இறக்காமலேயே. "என்ன ஆச்சு?"

தாயின் கைமேல் நெல்டா தன் இன்னொரு கையை வைத்தாள். அம்மாவின் கை சூடாக இருந்தது.

"இல்லம்மா" என்றாள், தாயைப் பார்த்து, மெதுவாக. "அந்த வாக்கை மட்டும் என்னால குடுக்க முடியாது."

பெஞ்சில் நகர்ந்து, க்ரிஸ்டா உட்கார இடம் விட்டாள்.